டொமைன் முதலாளியுடையது, கையெழுத்து யாருடையது?

மெயில் அனுப்பிக் கொடுக்கும் சேவை ஒன்றில் கணக்குத் திறந்தால் முதல் நாளே ஒரு பக்கம் வரும். "உங்கள் டொமைனை உறுதிசெய்யுங்கள்" என்று மூன்று வரிகளைக் கொடுத்து, இதைக் கொண்டுபோய் உங்கள் டிஎன்எஸ்ஸில் சேருங்கள் என்று சொல்லும். கம்பெனி முதலாளி அதைப் படிப்பதில்லை. வெப்சைட் செய்துகொடுத்த பையனுக்கு வாட்ஸ்அப்பில் தள்ளிவிடுகிறார். பையன் காப்பி, பேஸ்ட். பத்து நிமிடத்தில் பச்சை டிக் விழுகிறது. "சார், ஓகே ஆயிடுச்சு." சாரும் கட்டைவிரல் பொம்மை ஒன்றைப் பதிலுக்கு அனுப்புகிறார். அவ்வளவுதான், விஷயம் முடிந்தது.

அந்தப் பத்து நிமிடத்தில் என்ன நடந்தது என்று இரண்டு பேருக்குமே தெரியாது. கம்பெனியின் பெயரில் கையெழுத்துப் போடும் அதிகாரத்தை இன்னொரு கம்பெனிக்கு எழுதிக் கொடுத்தாயிற்று! இதே முதலாளி பேங்க் கணக்கில் யார் கையெழுத்துப் போடலாம் என்று முடிவு செய்ய போர்டு மீட்டிங் கூட்டுவார், தீர்மானம் போடுவார், மாதிரிக் கையெழுத்து கொடுப்பார், செக் புத்தகத்தை பீரோவில் வைத்துப் பூட்டிச் சாவியை வீட்டுக்கு எடுத்துப் போவார். மெயில் என்று வந்தால் மட்டும் "பையன் பாத்துக்குவான்".

இதற்கு 'டொமைன் செட்டப்' என்று ஒரு பெயரை வைத்து ஐடி வேலை என்று ஒதுக்கிவிட்டார்கள். அங்கேதான் கோளாறு. கம்பெனி பெயரில் யார் பேசலாம், யார் பேசக்கூடாது என்று ஊருக்கு அறிவிக்கிற வேலை இது. பேப்பரில் போட்டோவோடு விளம்பரம் வருமே, "இன்னார் இன்று முதல் எங்கள் நிறுவனத்தில் இல்லை, அவருடன் வைத்துக்கொள்ளும் வரவு செலவுக்கு நிறுவனம் பொறுப்பல்ல" என்று. டிஎன்எஸ்ஸில் சேர்க்கிற அந்த மூன்று வரியும் அதே ரகம்தான். என்ன, பேப்பர் விளம்பரத்தை முதலாளி நாலு தடவை புரூஃப் பார்ப்பார்.

கொஞ்சம் அடிப்படையிலிருந்து வரலாம். (தெரிந்தவர்கள் மூன்று பத்தி தாண்டிப் போகலாம், கோபமில்லை.)

மெயில் அனுப்பும் விதிமுறையான எஸ்எம்டிபியை ஜான் போஸ்டல் 1982-ல் எழுதினார். அன்றைக்கு நெட்வொர்க்கில் இருந்தவை பெரும்பாலும் பல்கலைக்கழகங்களும் ஆராய்ச்சிக்கூடங்களும். ஒருத்தர் பெயரில் இன்னொருத்தர் எழுதுவாரோ என்று பயந்து யாரும் பூட்டுப் போடவில்லை. தபால் கவரின் மூலையில் 'அனுப்புநர்' என்று எந்தப் பெயரை எழுதினாலும் தபால்காரர் கேட்கப் போவதில்லை, அதே கதைதான். அதிலும் மெயிலுக்கு அனுப்புநர் பெயர் இரண்டு இடத்தில் இருக்கும். கவர் மேல் ஒன்று, உள்ளே கடிதத்தின் தலையில் ஒன்று. கவர் மேல் இருப்பது சர்வர்களுக்கு. போய்ச் சேராத மெயில் பற்றிய தகவல் திரும்பி வருவது அந்த முகவரிக்கு. உள்ளே இருப்பதுதான் மனிதர் கண்ணில் படுவது. இரண்டும் ஒன்றாக இருக்கவேண்டும் என்று எஸ்எம்டிபி கேட்பதே இல்லை. ஏமாற்றுக்காரர்களின் பிழைப்பு இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியில்தான் ஓடுகிறது.

எஸ்பிஎஃப் கவரைப் பார்க்கிறது. "இந்தந்த மெஷின்கள் எங்கள் பெயரில் அனுப்பலாம்" என்று டொமைன்காரர் டிஎன்எஸ்ஸில் ஒரு பட்டியல் வைக்கிறார், வாங்குகிற சர்வர் அதைச் சரிபார்க்கிறது. 2006-ல் சோதனை அளவில் வெளியாகி 2014-ல் முறையான தரமானது. உள்ளே கடிதத்தில் யார் பெயர் இருக்கிறது என்று அது எட்டிக்கூடப் பார்க்காது. டிகிம் 2007-ல் வந்தது. யாகூவும் சிஸ்கோவும் தனித்தனியே செய்துகொண்டிருந்ததை ஒன்றாக்கியது. அனுப்புகிற சர்வர் தன்னிடம் உள்ள ரகசியச் சாவியால் மெயிலில் கையெழுத்துப் போடும், அதைச் சோதிக்கும் பொதுச் சாவி டிஎன்எஸ்ஸில் இருக்கும். நல்ல ஏற்பாடு. ஆனால் எந்த டொமைனின் கையெழுத்து? யாரும் தன் சொந்த டொமைனின் கையெழுத்தைப் போட்டுக்கொள்ளலாம். கடிதம் ராமசாமி பெயரில், கீழே கையெழுத்து குப்புசாமியுடையது. கையெழுத்து அசல்தான், சந்தேகமே வேண்டாம். குப்புசாமியின் அசல் கையெழுத்து!

இந்த ஓட்டையை அடைக்க வந்தது டிமார்க். 2012 ஜனவரியில் கூகுள், யாகூ, மைக்ரோசாஃப்ட், பேபால் எல்லாம் சேர்ந்து அறிவித்தார்கள், 2015-ல் ஆவணமாக வெளியானது. அது கேட்பது ஒரே கேள்வி: கவர், கையெழுத்து இரண்டில் ஏதாவது ஒன்றாவது தேறி, தேறிய பெயர் கடிதத்தின் தலையில் இருக்கும் பெயரோடு ஒத்துப்போகிறதா? ஒத்துப்போகாவிட்டால் என்ன செய்வது என்று டொமைன்காரரே சொல்லவேண்டும். மூன்று பதில்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். 'குவாரண்டைன்' என்றால் ஸ்பாம் பெட்டியில் போடு. 'ரிஜெக்ட்' என்றால் வாசலிலேயே திருப்பி அனுப்பு. மூன்றாவது 'நன்'. ஒன்றும் செய்யாதே, வழக்கம்போல் உள்ளே விடு. உலகத்தில் பாதிச் சோம்பேறித்தனம் இந்த மூன்றாவது பதிலுக்குள் ஒளிந்திருக்கிறது.

இப்போது அனுப்பும் சேவைக்கு வரலாம். அமேசானின் எஸ்இஎஸ்ஸை எடுத்துக்கொள்ளலாம். அதில் ஒரு டொமைனைச் சேர்த்தால் டிகிமுக்காக மூன்று சிநேம் பதிவுகள் கொடுக்கும். சிநேம் என்றால் 'இங்கே தேடாதே, அங்கே போய்ப் பார்' என்கிற கைகாட்டி. சாவியை உருவாக்குவது அமேசான், வைத்திருப்பது அமேசான், அவ்வப்போது மாற்றுவதும் அமேசான். கம்பெனியின் டிஎன்எஸ்ஸில் இருப்பது கைகாட்டி மட்டும்தான். கம்பெனியின் ரப்பர் ஸ்டாம்பை ஏஜென்டே செய்து, ஏஜென்டே வைத்துக்கொண்டு, தேய்ந்தால் ஏஜென்டே புதிதாகச் செய்துகொள்கிற மாதிரி. இது தப்பு என்று சொல்ல முடியாது. சாவியைப் பத்து வருஷம் மாற்றாமல் கிடக்கவிடுவதைவிட இது எவ்வளவோ மேல். சொந்தச் சாவியைக் கொண்டுவரவும் அங்கே வழி இருக்கிறது. ஆனால் ஸ்டாம்ப் யார் கையில் இருக்கிறது என்பதாவது முதலாளிக்குத் தெரியவேண்டாமா?

எஸ்பிஎஃப் கதை இன்னும் வேடிக்கை. எஸ்இஎஸ்ஸில் வேறு எதுவும் மாற்றாமல் விட்டால் கவர் மேல் இருப்பது அமேசானின் டொமைன். மெயில் போகும், எஸ்பிஎஃப் 'பாஸ்' என்றும் வரும். பாஸ் ஆனது யார்? அமேசான்! கம்பெனி அந்தப் பரீட்சையை எழுதவே இல்லை. கவரிலும் கம்பெனி பெயர் வரவேண்டுமானால் தனியாக ஒரு துணை டொமைனை ஒதுக்கி, அதற்கு ஓர் எம்எக்ஸ் பதிவும் ஓர் எஸ்பிஎஃப் பதிவும் போடவேண்டும். இதைச் செய்யாமலே டிகிம் ஒன்றை வைத்து டிமார்க்கில் தேறிவிடலாம் என்பதால் பலர் அதை விட்டுவிடுகிறார்கள். ஒரு நாள் டிகிம் சிநேம் ஒன்றை யாரோ 'தேவையில்லாதது' என்று அழித்துவிட்டால் இரண்டாவது கால் இல்லாமல் மெயில் குப்புற விழும்.

இதைவிட மோசம், ஒரே ஒரு முகவரியை மட்டும் உறுதிசெய்துவிட்டு அனுப்பத் தொடங்குவது. அந்த முகவரிக்கு ஒரு லிங்க் வரும், கிளிக் செய்தால் 'வெரிஃபைடு'. அந்தக் கிளிக் நிரூபித்தது என்ன? அந்தப் பெட்டிக்கு வரும் கடிதத்தை இவர் படிக்கிறார் என்பது மட்டும்தான். வாங்குகிற சர்வர் பார்க்கும்போது கவரும் கையெழுத்தும் சேவைக்காரருடையதாகவே இருக்கும்.

ஆக, அந்தப் பச்சை டிக் சொல்வது "இந்தச் சேவை உங்கள் பெயரில் அனுப்பலாம்" என்பதை. "வேறு யாரும் அனுப்ப முடியாது" என்று அது சொல்லவே இல்லை. முதலாவது சேவைக்காரருக்கு வேண்டியது. அவருக்கு முதல் நாளே மெயில் ஓடவேண்டும், பில் போடவேண்டும். இரண்டாவது முதலாளிக்கும் அவருடைய வாடிக்கையாளருக்கும் வேண்டியது. இந்த இரண்டாவதைச் செய்ய எந்த டாஷ்போர்டும் யாரையும் துரத்துவதில்லை. பல சேவைகளின் உதவிப் பக்கங்களில் காப்பி செய்வதற்கென்று கொடுத்திருக்கும் டிமார்க் வரியே 'நன்' வரிதான்.

பி.காம். படிக்கிற எல்லாரும் பிசினஸ் லா பேப்பரில் ஏஜென்சி பாடத்தை மனப்பாடம் செய்து பத்து மார்க் கேள்விக்கு எழுதியிருப்பார்கள். 1872-ம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டம், 182-ம் பிரிவு, முதல்வர் யார், முகவர் யார். அதைத் தாண்டி 237 என்று ஒரு பிரிவு உண்டு. முகவர் தன் அதிகாரத்தை மீறி நடந்திருந்தாலும், அதிகாரம் இருக்கிறது என்று மூன்றாம் ஆள் நம்பும்படி முதல்வர் தன் பேச்சாலோ நடத்தையாலோ செய்திருந்தால், முதல்வர்தான் கட்டுப்படவேண்டும். 208-ம் பிரிவு இன்னும் நெருக்கம்: முகவரை நீக்கியது மூன்றாம் ஆட்களுக்குத் தெரியவரும் வரை, அவர்களைப் பொறுத்தவரை அந்த நீக்கம் செல்லுபடியாகாது. டிஎன்எஸ் பதிவுக்கு இந்தப் பிரிவுகள் கோர்ட்டில் அப்படியே பொருந்துமா என்பது வக்கீல்கள் பாடு. ஆனால் நியாயம் ஒன்றுதானே? டிஎன்எஸ் என்பது ஊர் முழுக்கப் படிக்கிற அறிவிப்புப் பலகை. "இவர் எங்கள் ஆள்" என்று அதில் எழுதிவைத்தது டொமைன்காரர். ஆளை நீக்கிய பிறகும் அழிக்காமல் விட்டதும் அவரே. பிறகு "நாங்கள் அனுப்பவில்லை" என்றால், பணத்தை இழந்தவர் அதை எங்கே கொண்டுபோய் வைப்பார்?

அழிக்காமல் விட்டால் என்ன ஆகும்? நடந்த கதையே இருக்கிறது. 2024 பிப்ரவரியில் கார்டியோ லேப்ஸ் என்ற பாதுகாப்பு நிறுவனம் 'சப்டோமெயிலிங்' என்று பெயர் வைத்து ஒரு மோசடியை வெளியிட்டது. 8,000-க்கும் மேற்பட்ட டொமைன்களும் 13,000 துணை டொமைன்களும் ஸ்பாம் அனுப்பப் பயன்பட்டிருந்தன. யாரும் சர்வரை உடைக்கவில்லை, பாஸ்வேர்டைத் திருடவில்லை. ஓர் உதாரணம்: எம்எஸ்என் எப்போதோ மார்தா ஸ்டூவர்ட் பெயரில் ஒரு பரிசுப்போட்டி நடத்தியது. அதற்காக எம்எஸ்என்னின் ஒரு துணை டொமைன், போட்டிக்கென்று வாங்கிய இன்னொரு டொமைனைச் சிநேமால் கைகாட்டிக்கொண்டிருந்தது. போட்டி முடிந்தது, 2001 வாக்கில் அந்த இன்னொரு டொமைனைக் கைவிட்டார்கள். கைகாட்டி அப்படியே நின்றது. இருபது வருஷம் கழித்து, 2022-ல், கைவிடப்பட்ட அந்த டொமைனை யாரோ சில டாலர் கொடுத்து வாங்கினார்கள். கைகாட்டி இப்போது அவர்களைக் காட்டியது. அதன் வழியே எஸ்பிஎஃப்பும் அவர்கள் எழுதியபடி ஆனது. எம்எஸ்என் பெயரிலேயே, எல்லாப் பரிசோதனையிலும் தேறி, ஸ்பாம் போனது. மைக்ரோசாஃப்டுக்கே இந்தக் கதி!

எஸ்பிஎஃப்பில் 'இன்க்ளூட்' என்று ஒன்று உண்டு. "இவர் வைத்திருக்கிற பட்டியலையும் என் பட்டியலாக எடுத்துக்கொள்" என்பது. ஒவ்வொரு சேவைக்கும் ஒன்று என்று சேர்த்துக்கொண்டே போவார்கள். பில்லுக்கு ஒன்று, நியூஸ்லெட்டருக்கு ஒன்று, சம்பளச் சீட்டுக்கு ஒன்று, இரண்டு வருஷம் முன்னால் டிரையல் பார்த்துவிட்டு விட்ட சேவைக்கு ஒன்று. பத்து டிஎன்எஸ் தேடலுக்கு மேல் போனால் பதிவு முழுவதுமே பிழை என்று விதி சொல்கிறது. ஒரே டொமைனில் இரண்டு எஸ்பிஎஃப் பதிவு இருந்தாலும் பிழைதான். 'பையன்' பழையதை அழிக்காமல் புதிதாக இரண்டாவது ஒன்றைச் சேர்த்துவிட்டுப் போயிருப்பான். இதில் அபத்தம் என்னவென்றால், கவர் மேல் தன் சொந்த டொமைனையே போடும் சேவைக்கு இந்த இன்க்ளூட் எந்தப் பயனும் தராது. எஸ்பிஎஃப் பார்ப்பது கவரில் இருக்கும் டொமைனை மட்டும்தானே! வேலைக்காகாத ஆளுக்கு வீட்டுச் சாவி கொடுத்த கதை.

சாவி என்றால் சும்மா உவமைக்குச் சொல்வதில்லை. 2023-ல் டெஃப்கான் மாநாட்டில் மார்செல்லோ சால்வாட்டி என்பவர் மெயில்சேனல்ஸ் என்ற சேவையைப் பற்றிப் பேசினார். ஹோஸ்டிங் கம்பெனிகள் மெயிலை அனுப்பப் பயன்படுத்தும் சேவை அது. இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட டொமைன்கள் அதைத் தங்கள் எஸ்பிஎஃப்பில் சேர்த்திருந்தன. அதே சேவை வழியாக, கிளவுட்ஃபிளேர் வொர்க்கர்ஸிலிருந்து யார் வேண்டுமானாலும் மெயில்சேனல்ஸில் கணக்கே இல்லாமல் இலவசமாக மெயில் அனுப்ப முடிந்தது. அதாவது, அந்த இருபது லட்சம் பேரில் யார் பெயரில் வேண்டுமானாலும்! இதற்குப் பூட்டாக 'டொமைன் லாக்டவுன்' என்று கூடுதலாக ஒரு டிஎன்எஸ் பதிவை அந்த நிறுவனம் கொண்டுவந்தது. பூட்டு வந்தது நல்லதுதான். ஆனால் டிஎன்எஸ்ஸில் "இவரை நம்புங்கள்" என்று எழுதியபோது, இவருடைய மற்ற வாடிக்கையாளர்களையும் சேர்த்துத்தான் நம்பச் சொல்கிறோம் என்று அந்த டொமைன்காரர்களில் எத்தனை பேருக்கு உறைத்திருக்கும்?

டிகிம் சாவியிலும் இதே அலட்சியம்தான். 2011-ல் ஸாக்கரி ஹாரிஸ் என்ற கணிதக்காரருக்கு கூகுளிலிருந்து வேலை பற்றி ஒரு மெயில் வந்தது. அசலா போலியா என்று சோதிக்கப் போனவர், கூகுள் டிகிமுக்கு 512 பிட் சாவி வைத்திருப்பதைப் பார்த்தார். குறைந்தது 1024 வேண்டும். இது தன்னைச் சோதிக்க வைத்த புதிராக இருக்கும் என்று நினைத்து, கிளவுடில் மெஷின்களை வாடகைக்கு எடுத்துச் சாவியை உடைத்து, கூகுள் நிறுவனர்கள் ஒருவருக்கொருவர் எழுதியதுபோல் மெயில் அனுப்பினார். பதில் வரவில்லை, இரண்டு நாளில் சாவி மட்டும் 2048 பிட்டாக மாறியிருந்தது. :-) கூகுள் இரண்டு நாளில் மாற்றியது. வேலையை விட்டுப்போன ஒரு பையன் 2015-ல் ஒட்டிவிட்டுப் போன சாவியை யார் மாற்றுவார்கள்?

சரி, 'நன்' விஷயத்துக்கு வரலாம், சண்டையே அதில்தான். 'நன்' ஒரு கொள்கையே இல்லை. "போலி என்று தெரிந்தாலும் உள்ளே விடுங்கள்" என்று டொமைன்காரரே கைப்பட எழுதிக் கொடுப்பது. அதற்கு ஒரே ஒரு நியாயமான பயன் உண்டு. டிமார்க்கில் அறிக்கை கேட்கும் வசதி இருக்கிறது. ஒரு முகவரியைக் கொடுத்தால், உலகத்தின் பெரிய மெயில் நிறுவனங்கள் "உங்கள் பெயரில் இந்தந்த மெஷினிலிருந்து இத்தனை மெயில் வந்தது, இத்தனை தேறியது" என்று தினமும் அனுப்பும். அதைச் சில வாரம் பார்த்து, நம்ம ஆள் யார், திருடன் யார் என்று பிரித்துக்கொள்ளும் வரை 'நன்' இருக்கலாம். அதுதான் அதன் வேலை. நிஜத்தில் நடப்பது என்ன? 'நன்' போடுகிறார்கள், அறிக்கை முகவரியே கொடுப்பதில்லை. கொடுத்தாலும் அது யாரும் திறக்காத பெட்டி. சிசிடிவி கேமராவை வாசலில் மாட்டி, வயரை இணைக்காமல் "இவ்விடம் கண்காணிக்கப்படுகிறது" என்று போர்டு வைத்த மாதிரி.

திருடன் அந்த போர்டைப் படித்துச் சிரிக்கிறான். 2024 மே 2-ம் தேதி அமெரிக்காவின் என்எஸ்ஏ, எஃப்பிஐ, வெளியுறவுத் துறை மூன்றும் சேர்ந்து ஓர் எச்சரிக்கை வெளியிட்டன. வட கொரியாவின் கிம்சுகி என்ற குழு, டிமார்க் கொள்கை பலவீனமாக இருக்கும் டொமைன்களாகப் பார்த்து, பத்திரிகையாளர்கள், பேராசிரியர்கள், வெளியுறவு நிபுணர்கள் பெயரில் மெயில் அனுப்பி வேவு பார்க்கிறது என்று. எச்சரிக்கை சொன்ன மருந்து ரொம்பச் சின்னது: குவாரண்டைன் அல்லது ரிஜெக்டுக்கு மாறுங்கள். டிஎன்எஸ்ஸில் ஒரே ஒரு சொல்லை மாற்றும் வேலை.

இதைச் சொன்னால் உடனே ஒரு பதில் வரும்: "ரிஜெக்ட் போட்டா நல்ல மெயிலும் போயிடும் சார்." பயம் பொய்யில்லை. 2014 ஏப்ரலில் யாகூ திடீரென்று ரிஜெக்டுக்கு மாறியபோது, யாகூ முகவரியில் குழு மடல்களுக்கு எழுதியவர்களின் மெயில்கள் எல்லாம் திரும்பின. அதே மாதம் ஏஓஎல்லும் மாறியது. மெயிலை வழியில் வாங்கித் திருத்தி மறுபடி அனுப்பும் இடங்களில் கையெழுத்து உடையும், கவரும் மாறும். ஆனால் இதைக் காரணம் காட்டுகிற கம்பெனி அனுப்புவது என்ன? ஓடிபி, பில், ஆர்டர் விவரம், தீபாவளி ஆஃபர். இவற்றில் எது எந்தக் குழு மடலுக்குப் போகிறது? அந்த மெயில்களுக்கென்று ஒரு துணை டொமைனைப் பிரித்து, அதில் முதலில் ரிஜெக்ட் போட்டுவிட்டு, ஊழியர்களின் தனிப்பட்ட மெயில் போகும் முதன்மை டொமைனை மெதுவாகச் செய்தால் யார் குடி முழுகும்? மெயிலே அனுப்பாத, பெயரைக் காப்பாற்ற வாங்கிப்போட்ட டொமைன்களில் இன்றைக்கே ரிஜெக்ட் போடலாம், இழப்பதற்கு அங்கே ஒரு மெயிலும் இல்லை.

அவகாசம் போதாது என்பதும் எடுபடாது. 2017 அக்டோபரில் அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை தன் மத்திய அரசு இலாகாக்களுக்கு ஓர் ஆணை போட்டது: 90 நாளில் 'நன்'னாவது இருக்கவேண்டும், ஒரு வருஷத்தில் ரிஜெக்ட். அரசாங்க இலாகாக்கள்! ஃபைல் நகர்வதற்கே பேர் போனவை. அவர்களிடமே ஒரு வருஷம் போதும் என்று எதிர்பார்க்கும்போது, மூன்று சேவைகளும் ஒரு வெப்சைட்டும் வைத்திருக்கும் கம்பெனிக்கு என்ன கஷ்டம்?

இதில் கூகுள், யாகூ, மைக்ரோசாஃப்டையும் சும்மா விடக்கூடாது. 2024 பிப்ரவரி முதல் கூகுளும் யாகூவும் மொத்தமாக அனுப்புகிறவர்களுக்கு எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் மூன்றும் கட்டாயம் என்றன. ஜிமெயிலுக்கு ஒரு நாளைக்கு 5,000 மெயில் அளவில் அனுப்பினால் இந்த வகை. 2025 மே மாதம் மைக்ரோசாஃப்டும் சேர்ந்துகொண்டது. உலகம் முழுக்கக் கம்பெனிகள் அரக்கப்பரக்க ஓடியதற்கு இதுதான் காரணம், அந்த வகையில் பாராட்டவேண்டும். ஆனால் டிமார்க்கில் பாஸ் மார்க் என்ன வைத்தார்கள்? 'நன்' போதும்! நாற்பது வாங்கினால் பாஸ் என்று சொன்னபிறகு எவன் நாற்பத்தொன்றுக்குப் படிப்பான்? தங்கள் இன்பாக்ஸுக்குள் வரும் கூட்டத்துக்கு அடையாள அட்டை இருந்தால் அவர்களுக்குப் போதும். அந்த அட்டையை இன்னொருவன் போலியாக அடித்து மாட்டிக்கொண்டு வந்தால் என்ன செய்வது என்பதை டொமைன்காரர் தலையில் கட்டிவிட்டார்கள். டொமைன்காரர் அதைப் பையன் தலையில் கட்டினார். பையன் உதவிப் பக்கத்தைப் பார்த்தான். உதவிப் பக்கத்தில் 'நன்' இருந்தது.

நியாயத்துக்கு ஒன்று சொல்லவேண்டும். ரிஜெக்ட் போட்டால் மோசடியே ஒழிந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். கம்பெனி பெயரில் ஓர் எழுத்தை மாற்றிப் புது டொமைன் வாங்கினால் டிமார்க்கால் ஒன்றும் செய்ய முடியாது. அந்தப் புது டொமைனும் எல்லாப் பரிசோதனையிலும் ஜம்மென்று தேறும். கணக்காளரின் பாஸ்வேர்டையே திருடிவிட்டால் அனுப்புவது அசல் பெட்டியிலிருந்துதான். எஃப்பிஐயின் இணையக் குற்றப் பிரிவு, வணிக மெயில் மோசடியில் 2024-ல் மட்டும் தன்னிடம் பதிவான இழப்பு 277 கோடி டாலர் என்கிறது. அதெல்லாம் இந்த ஓட்டை வழியாகப் போனதல்ல. ஆனால் ஜன்னல் வழியாகவும் திருடன் வருவான் என்பதற்காக வாசல் கதவைத் திறந்துபோடுவார்களா என்ன?

ஆகவே முதலாளி செய்யவேண்டியது டிஎன்எஸ் படிப்பதில்லை. ஒரு நோட்டுப் புத்தகம் போதும். கம்பெனி பெயரில் மெயில் அனுப்பும் ஒவ்வொரு சேவைக்கும் ஒரு வரி: எந்தத் துணை டொமைன், எந்தத் தேதியில் கொடுத்தது, கொடுக்கச் சொன்னது யார், ஒப்பந்தம் எப்போது முடிகிறது. ஒப்பந்தம் முடிகிற அன்று பில்லை நிறுத்துவதோடு பதிவையும் அழித்து, பக்கத்தில் கையெழுத்து. ஆடிட்டர் வருஷா வருஷம் வவுச்சர்களைப் புரட்டும்போது இந்த நோட்டையும் டிஎன்எஸ்ஸையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு மணி நேரத்து வேலை. வங்கியின் கையெழுத்து அதிகாரத்தைப் பார்க்காமல் எந்த ஆடிட்டரும் போவதில்லை. இதை மட்டும் ஏன் கேட்பதில்லை? டிமார்க் அறிக்கை போய்ச்சேரும் பெட்டியும் பையனுடைய தனி ஜிமெயிலாக இருக்கக்கூடாது, ஆபீஸில் இரண்டு பேர் பார்க்கிற பெட்டியாக இருக்கவேண்டும்.

டிஎன்எஸ் ரகசியமில்லை என்பது வெளியில் இருப்பவர்களுக்கு ஒரு சௌகரியம். எந்தக் கம்பெனியின் டிமார்க் பதிவையும் யாரும் பார்க்கலாம், அனுமதி கேட்கவேண்டியதில்லை. டொமைன் பெயருக்கு முன்னால் ஓர் அடிக்கோடு, டிமார்க், ஒரு புள்ளி சேர்த்து, டிஎன்எஸ் தேடும் ஏதாவது ஒரு தளத்தில் டிஎக்ஸ்டி பதிவைக் கேட்டால் வந்துவிடும். கேம்பஸ் இன்டர்வியூ சீசனில் வரிசையாக ஒவ்வொரு கம்பெனியாகப் போட்டுப் பார்க்கலாம், நல்ல பொழுதுபோக்கு. பதிவே இல்லை என்றோ 'நன்' என்றோ வந்தால், அந்தக் கம்பெனி முகவரியிலிருந்து வரும் நியமனக் கடிதத்தை, அது அச்சு அசல் முகவரியாகவே இருந்தாலும், ஹெச்ஆருக்கு ஒரு போன் போட்டு விசாரித்த பிறகு வீட்டில் சொல்வது நல்லது. கூடவே 'ரீஃபண்டபிள் டெபாசிட்' கேட்டிருந்தால் டிஎன்எஸ் எல்லாம் பார்க்கவேண்டாம், நேரே குப்பையில் போடலாம்.